சட்டைக்கு மேலே கட்டிய பெல்ட்

ராசா,

நேற்று நீ போனில் கதைத்துக்கொண்டிருக்கும்போது அடுப்பில் பால் பொங்குகிறது என்று சொல்லிவிட்டு வைத்தேன் அல்லவா? அடுப்பில் பாலும் இல்லை, பானையும் இல்லை. இன்னும் ஒரு நிமிடம் நின்றிருந்தால் வாயில் வந்ததையெல்லாம் சொல்லியிருப்பேன். நீயும் இடுப்பு நாரி நோவோடு படுத்துக் கிடந்தபடி எல்லாவற்றையும் கேட்டிருப்பாய். அதனால்தான் எழுதுகிறேன். எழுத உட்கார்ந்தால் கோபம் கொஞ்சம் அடங்கும் என்று நினைத்தேன். இரண்டு தாள் கிழித்துப் போட்டாயிற்று, இன்னும் அடங்கவில்லை. முடித்ததும் உன் தங்கச்சி இதைப் படமெடுத்து உன் போனுக்கு அனுப்புவாள். சனிக்கிழமைக்கு முன் நீ இதை வாசித்துவிட வேண்டும்.

சனிக்கிழமை சம்பந்தியம்மா வந்து உன் பிள்ளைகள் இருவரையும் தன்னுடைய ஊருக்குக் கூட்டிக்கொண்டு போகப் போகிறார் என்றாய். உனக்கு நாரியில் டிஸ்க் விலகிவிட்டது, டாக்டர் பெல்ட் கட்டிவிட்டிருக்கிறார், மருமகள் வேலைக்குப் போகாமல் இருக்க முடியாது, ஆறு மணித்தியாலம் கார் ஓடினால் போய்விடும் தூரம்தான், "ரெண்டு மாசம்தானே அம்மா" என்றாய். அதோடு நிறுத்தியிருந்தால் நானும் பொறுமையாகக் கதைத்திருப்பேன். "நீங்களும் என்னைக் கிருலப்பனை மாமி வீட்டில விட்டனீங்கள்தானே? நான் நல்லாத்தானே வளர்ந்தனான்?" என்று கேட்டாய் பார், அங்கேதான் என் பால் பொங்கியது. அந்தக் கதையில் பாதிதான் உனக்குத் தெரியும். மிச்சத்தை முப்பது வருடமாக உனக்குச் சொல்லாமல் வைத்திருந்தது நான்தான். நீ என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டுவிட்டாய், இனி முழுவதையும் கேட்டுத்தான் ஆகவேண்டும்.

அப்போது நாங்கள் வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில், மூன்றாம் மாடியில் இருந்தோம். உன் அப்பா கட்டாரில் வேலை. உனக்கு நாலு வயது, தங்கச்சிக்குப் பத்து மாதம். மூன்றாம் மாடிக்குக் குழாயில் தண்ணீர் ஏறாது. விடிந்ததும் நான் கீழே இறங்கி இரண்டு வாளி நிரப்பிக்கொண்டு வருவேன். அன்றைக்கு யாரோ படியில் சவர்க்காரத் தண்ணீர் சிந்தியிருந்தார்கள். கால் வழுக்கியபோது வாளிகளை விட்டிருந்தால் கைப்பிடிக் கம்பியைப் பிடித்திருக்கலாம். எந்தப் புத்தியுள்ள மனுஷியும் அதைத்தான் செய்திருப்பாள். நான் வாளிகளை விடவில்லை. அவ்வளவு நேரம் வரிசையில் நின்று பிடித்த தண்ணீர் அது. ஏழு படி முதுகால் இறங்கி, கடைசிப் படியில் உட்கார்ந்தபோது ஒரு வாளியில் பாதித் தண்ணீர் மிச்சம் இருந்தது. அன்றைக்கு உன்னைக் குளிப்பாட்டியது அந்தத் தண்ணீரில்தான். என் வீரத்தைப் பற்றி இனி யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டாம்.

டாக்டர் எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, ஆறு கிழமை, ஒன்றரை மாதம், பலகையில் படு, குனியாதே, பாரம் தூக்காதே என்றார். "பிள்ளை பாரமோ டாக்டர்?" என்று கேட்டேன். "எத்தனை கிலோ?" என்று கேட்டார் அந்த மனுஷன். தங்கச்சி எட்டுக் கிலோ, நீ பதினாறு. சின்னதை வேண்டுமானால் மேசையிலிருந்து எடு, பெரியவனைத் தொடவே கூடாது, தொட்டால் காலும் இழுத்துவிடும் என்று கண்டிப்பாகச் சொன்னார். பிறகு ஒரு பெல்ட் தந்தார். ஒரு சாண் அகலத் துணி, முதுகுப் பக்கம் நாலு இரும்புத் தகடு, முன்னால் இறுக்குவதற்கு மூன்று வார். நாள் முழுக்க இதைக் கட்டியிருக்க வேண்டும் என்று எழுதி ஒரு கடதாசித் துண்டும் தந்தார். அந்தத் துண்டை அலுமாரியில் சேலைகளுக்குக் கீழே வைத்தேன். அதுதான் என் முதல் பிழை.

ஆறு கிழமை படுப்பதாம். பத்து மாதக் குழந்தையிடமும் நாலு வயதுக்காரனிடமும் போய் டாக்டர் அதைச் சொல்லியிருக்க வேண்டும். நான் படுக்கவில்லை ராசா. வீட்டைத்தான் எனக்கு ஏற்றமாதிரி மாற்றினேன். மெத்தையை நிலத்தில் போட்டேன், தங்கச்சி தானாகவே தவழ்ந்து வந்து என்மேல் ஏறிப் பால் குடித்தாள். அவளைக் கழுவுவது, உடுப்பு மாற்றுவது எல்லாம் சாப்பாட்டு மேசைக்கு மேலே. தும்புத்தடியோடு இன்னொரு தடியைச் சேர்த்துக் கட்டி, நிமிர்ந்து நின்றபடியே கூட்டினேன். கீழே விழுந்ததைக் கால் விரல்களால் எடுக்கப் பழகினேன். நீ கழற்றிப் போட்ட களிசான், கரண்டி, தீப்பெட்டி எல்லாம் எடுப்பேன், தேங்காய்தான் வசப்படவில்லை. குந்தி எழும்ப வேண்டுமென்றால் சுவரில் முதுகை வைத்து அரைந்து அரைந்து எழும்புவேன். அந்தச் சுவரில் சுண்ணாம்பு தேய்ந்து ஒரு தடமே விழுந்தது. நோகவில்லையா என்று கேட்பாய். நொந்தது. அரிசி கழுவும்போது பல்லைக் கடித்துக்கொண்டு அழுதிருக்கிறேன். ஆனால் ஒருநாளும் நீங்கள் இரண்டு பேரும் பசியோடு படுக்கவில்லை. அதை எவரிடமும் நெஞ்சை நிமிர்த்திச் சொல்வேன், பெல்ட் கட்டிய நெஞ்சென்றாலும்.

இனி என் இரண்டாவது பிழை. அந்தப் பெல்ட்டை நான் சட்டைக்கு உள்ளே கட்டினேன். ஒருவருக்கும் காட்டவில்லை. அப்பாவுக்கு எழுதிய கடிதத்தில் "படியிலை சறுக்கிப்போட்டன், இப்ப சுகம்" என்று ஒரு வரி. கீழ்வீட்டு முஸ்லிம் அக்கா, நாங்கள் ராத்தா என்று கூப்பிடுகிறவர், என் நடையைப் பார்த்துவிட்டு, "என்னத்துக்கு பிள்ள ஒளிக்கிறீங்க, கேட்டா நாங்க செஞ்சு தரமாட்டோமா?" என்று இரண்டு முறை கேட்டுவிட்டார். ஒன்றுமில்லை ராத்தா, வாதம் என்றேன். முப்பது வயதில் வாதம்! எல்லாம் உன் மாமிக்குத் தெரியக்கூடாது என்பதற்காகத்தான். அப்பாவின் அக்கா பொல்லாதவர் இல்லை. பிள்ளையில்லாத மனுஷி, உங்கள்மேல் உயிரையே வைத்திருந்தார். ஞாயிறு தோறும் கிருலப்பனையிலிருந்து வருவார், வந்தவுடன் உன்னை மடியில் வைத்துக்கொண்டு "அம்மா என்ன சமைச்சவ? அம்மா உன்னைக் குளிக்க வாத்தவவோ?" என்று விசாரணை நடத்துவார். என் நாரி முறிந்தது தெரிந்தால் அன்றைக்கே உங்களைக் கொண்டுபோய்விடுவார் என்று பயந்தேன். உன் வாயில் ஒன்றும் நிற்காது என்பதால் உனக்கும் சொல்லவில்லை. நீ வந்து தூக்கச் சொல்லிக் கேட்டபோதெல்லாம் "நீ பெரிய ஆம்பிளை, இனித் தூக்கமாட்டன்" என்று சொன்னேன். சொல்லிவிட்டு உன் கண்ணுக்கு முன்னாலேயே தங்கச்சியை மேசையிலிருந்து எடுத்து இடுப்பில் வைப்பேன்.

நீ அப்போது ஒழுங்கை முனையைத் தாண்டி ஒரு நேசரிப் பள்ளிக்கூடத்துக்குப் போய்க்கொண்டிருந்தாய். காலி வீதிக்கு ஏறும் இடத்தில் ஆட்களைச் சோதிக்கும் செக்பொயின்ற். வழக்கமாக நிற்கிறவர்களுக்கு எங்களைத் தெரியும், அடையாள அட்டையைக்கூடப் பார்க்கமாட்டார்கள். முதல்நாள் எங்கோ குண்டு வெடித்திருந்தது. அன்றைக்கு எல்லோரும் புது முகங்கள். பெண்களைச் சோதிக்க இளம் பொலிஸ்காரி ஒருத்தி நின்றாள், இருபத்திரண்டு வயது இருக்கும். தங்கச்சி என் இடுப்பில், நீ என் சட்டையைப் பிடித்தபடி. அவளுடைய கை என் முதுகில் வந்து இரும்பில் முட்டியது. பிறகு முன்னால் வந்து வாரில் முட்டியது. அவள் கத்தின கத்தலில் வரிசையில் நின்ற சனம் எல்லாம் சிதறி ஓடியது. வெள்ளவத்தையில், அந்தக் காலத்தில், ஒரு தமிழ்ப் பெண் சட்டைக்குள் இரும்பும் வாரும் கட்டிக்கொண்டு வந்தால் அது என்னவென்று யாரும் யோசித்துக்கொண்டு நிற்கமாட்டார்கள். உலகத்தில் வேறு எந்த ஊரிலும் என் பெல்ட் ஒரு பெல்ட்தான். எனக்கு அது வீட்டைவிட்டு இறங்கும்போது ஒருநாள்கூட மூளையில் ஏறவில்லை. மச்சாளுக்கு, அதுதான் உன் மாமிக்கு, ஒளிப்பதிலேயே குறியாக இருந்த நான், துவக்கு வைத்திருக்கிறவர்களைப் பற்றி யோசிக்கவேயில்லை.

மூன்று துவக்குகள் என்னைப் பார்த்தன. "அத் உஸ்ஸபங்!" என்று ஒருவன் சிங்களத்தில் கத்தினான், கையை உயர்த்து என்று. கையை உயர்த்தினால் தங்கச்சி விழுவாள். "லமயா பிமின் தியபங்!" பிள்ளையை நிலத்தில் வை. நிலத்தில் வைக்கக் குனியவேண்டும், குனிந்தால் நான் திரும்ப எழும்பமாட்டேன், அதோடு குனிகிற பெண்ணை அவர்கள் என்ன நினைப்பார்கள் என்றும் தெரியாது. அந்த நேரம் நீ என்னைப் பார்த்து இரண்டு கையையும் நீட்டி, "அம்மா, என்னையும் தூக்குங்கோ" என்று அழத் தொடங்கினாய். "வாயை மூடிக்கொண்டு நில்!" என்று உன்மேல் பாய்ந்தேன். அந்தக் குரலில் நான் உன்னோடு அதற்கு முன்னும் பேசியதில்லை, பின்னும் பேசியதில்லை. நீ உடனே வாயை மூடிவிட்டாய். உன் களிசான் நனைந்தது.

அந்த நேரத்தில்தான் எனக்குப் பயம் விட்டது. ஏன் என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை, கோபம் வந்துவிட்டது. "மட்ட நெமென்ன பே" என்றேன், எனக்குக் குனிய ஏலாது என்று. கேட்கவில்லைப்போல, திரும்பக் கத்தினார்கள். நானும் திரும்பக் கத்தினேன். தங்கச்சியை இரண்டு கையாலும் முன்னால் நீட்டி, அந்தப் பொலிஸ்காரியைப் பார்த்து, "லமயாவ ஒயா கன்ன!" பிள்ளையை நீ வாங்கு என்றேன். எட்டுக் கிலோவைக் கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு நிற்பது அந்த நாரிக்கு என்ன வேலை என்று இப்போது உனக்குத் தெரியும். அவள் துவக்குக்காரர்களைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு ஓடிவந்து பிள்ளையை வாங்கினாள். நான் இரண்டு கையையும் உயர்த்திக்கொண்டு நின்றேன். நீ என் சட்டையை விடவேயில்லை.

பிறகு ஸ்டேஷன், பெல்ட்டைக் கழற்றி மேசையில் வைத்தது, அலுமாரித் துண்டு கைக்கு வரும்வரை நாலரை மணித்தியாலம் மரக்கதிரையில் இருந்தது, அதையெல்லாம் எழுதி உன்னைக் களைக்க வைக்கமாட்டேன். ஸ்டேஷனிலிருந்து போன் போக, துண்டையும் வீட்டில் இருக்கிறவர்களைப் பொலிஸில் பதிந்த பத்திரத்தையும் எடுத்துக்கொண்டு வந்தவர் உன் மாமி. வந்தவர் மேசையில் கிடந்த பெல்ட்டைப் பார்த்தார். ஏச்சு விழப்போகிறது என்று இருந்தேன். அவர் அழுதார். "இந்த நாரியோட என்னெண்டு பிள்ளை ரெண்டையும் பார்ப்பாய்? சின்னவள் பால் குடிக்கிறவள், சரி. பெரியவனைத் தா, கொஞ்ச நாளைக்கு நான் பார்க்கிறன்" என்றார். அந்த ஒரு நாளில் என்னிடமிருந்த தெம்பெல்லாம் செக்பொயின்றில் முடிந்துவிட்டது. ஓம் என்று சொல்லிவிட்டேன். உன் உடுப்புகளைப் பையில் வைத்தபோது நீ பக்கத்தில் நின்று பார்த்தாய். நாளைக்கு வந்து கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று பொய் சொன்னேன். நீ தலையாட்டினாய்.

பத்தொன்பது நாள். ஞாயிற்றுக்கிழமைகளில் உன்னைக் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று சொன்னால், பிள்ளை இப்போதுதான் பழகுகிறான், குழப்பவேண்டாம் என்று மாமி சொல்லிவிட்டார். நீ நன்றாகச் சாப்பிடுகிறாயாம், அழுகிறதில்லையாம், கேட்காமல் ஒன்றும் எடுக்கிறதில்லையாம். முதல் கிழமை அதைக் கேட்டு நிம்மதியாக இருந்தேன். இரண்டாம் கிழமை யோசித்தேன். அடுத்த வீட்டுக் கோழியைத் துரத்தி அடிவாங்குகிற பயல், எங்கே போனான்? இருபதாம் நாள் காலை ராத்தா தண்ணீர் வாளியோடு மேலே வந்தார். செக்பொயின்ற் கதை ஒழுங்கை முழுக்கப் பரவியபிறகு, அவர் வீட்டிலிருந்துதான் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. ஒளிப்பதற்கு ஒன்றும் மிச்சமில்லை என்றானபின் கேட்பதற்கும் வெட்கம் இருக்கவில்லை. "ராத்தா, இவளை ஒரு நாலு மணித்தியாலம் வச்சிருப்பீங்களோ? நான் என்ர மகனைக் கூட்டிக்கொண்டு வரப்போறன்" என்றேன். "இந்தா, இப்பதான் மனுசி மாதிரி கதைக்கிறீங்க" என்று பிள்ளையை வாங்கிக்கொண்டார்.

அன்றைக்கு நான் சட்டையைப் போட்டுவிட்டு, அதற்கு மேலே பெல்ட்டைக் கட்டினேன். இரும்பும் வாரும் பளிச்சென்று தெரிய, டாக்டரின் துண்டை முன்வாரில் ஊசியால் குத்திக்கொண்டு இறங்கினேன். ஒழுங்கையில் சனம் நின்று பார்த்தது. சேலைக்குப் பொருத்தமான பிளவுஸ் தேடுகிற ஊர் அது. ஒரு அம்மா பக்கத்திலிருந்தவரிடம் "மூளை பிசகிப்போச்சோ" என்று என் காதில் விழும்படியே கேட்டார். "இல்லை, நாரிதான் பிசகினது" என்று நின்று சொல்லிவிட்டுப் போனேன். செக்பொயின்றில் அதே பொலிஸ்காரி. நான் கையை உயர்த்தவில்லை, அவளும் கேட்கவில்லை. விரலால் பெல்ட்டை ஒரு தட்டுத் தட்டிவிட்டு, "யன்ன அக்கே" என்றாள், போங்கள் அக்கா என்று. பஸ்ஸில் எனக்கு இருக்கை கிடைத்தது. பக்கத்தில் ஒருவரும் இருக்கவில்லை, நாரியை நீட்டி வசதியாகப் போனேன்.

மாமி கதவைத் திறந்து என் கோலத்தைப் பார்த்துத் திகைத்துவிட்டார். நீ அவருக்குப் பின்னால் நின்றாய். வா என்றேன், வரவில்லை. மாமியின் சேலையை இன்னும் இறுக்கிப் பிடித்தாய். "பார்த்தியே, பிள்ளை இஞ்சை நல்லா இருக்கிறான். உன்னால தூக்கவும் ஏலாது, என்னத்தைச் செய்வாய்?" என்று மாமி கேட்டார், குத்திக் கேட்கவில்லை, கவலையோடுதான் கேட்டார். "தூக்க ஏலாதுதான் மச்சாள். அவன் நடந்து வருவான். வருமட்டும் நான் இதிலயிருந்து எழும்பமாட்டன்" என்று சொல்லிவிட்டு, அவருடைய சுவரில் முதுகை வைத்து அரைந்து, நிலத்தில் உட்கார்ந்தேன். மாமி தேத்தண்ணீர் தந்தார், குடித்தேன். சோறு தந்தார், சாப்பிட்டேன். எழும்பவில்லை. நீ அறைக்குள் போவதும் கதவு ஓரத்தில் எட்டிப் பார்ப்பதுமாக இருந்தாய்.

மூன்று மணியிருக்கும், மெல்ல வந்தாய். என் முகத்தைப் பார்க்கவில்லை. பெல்ட்டைத்தான் பார்த்தாய். வாரைத் தொட்டாய், பின்பக்கம் போய் ஒவ்வொரு தகடாகத் தட்டிப் பார்த்தாய். நீ அதை அதற்கு முன் கண்டதேயில்லை. "இது என்னம்மா?" என்று கேட்டாய். "நாரி உடைஞ்சுபோச்சு ராசா. அது நிமிர்ந்து நிக்கக் கட்டினது" என்றேன். "எப்ப உடைஞ்சது?" "அண்டைக்குத் தண்ணி வாளியோட விழுந்தனான் எல்லே, அண்டைக்கு." நீ நாட்களை எண்ணுவதுபோல் விரல்களை மடக்கினாய். பிறகு கேட்டாய்: "அப்ப என்னைத் தூக்காதது இதாலயோ? நான் கூடாத பிள்ளை எண்டதால இல்லையோ?"

மாமி குசினிக்குள் போய்விட்டார். நான் என்ன சொன்னேன் என்று எனக்கு நினைவில்லை, நிறையச் சொன்னேன். அன்றைக்கு நீ என் கையைப் பிடித்துக்கொண்டு பஸ் தரிப்பு வரைக்கும் நடந்து வந்தாய். வழியெல்லாம் கண்டவர் நின்றவருக்கெல்லாம் "எங்கட அம்மான்ர நாரி உடைஞ்சு போச்சு" என்று கத்திச் சொன்னாய். ஆனால், அதற்குப் பிறகு ஒருநாளும் தூக்கச் சொல்லி நீ என்னைக் கேட்கவில்லை. விழுந்து ஏழாம் மாதம் டாக்டர் பரவாயில்லை என்றபிறகு நானாகவே வந்து உன்னைத் தூக்கினேன். நீ கையை என் கழுத்தில் போடாமல் விறைத்துக்கொண்டு இருந்தாய். நல்லாத்தானே வளர்ந்தேன் என்கிறாய். வளர்ந்தாய்தான். நாலு வயதில் ஒரு பிள்ளை தனக்குள்ளே தீர்ப்பு எழுதி வைத்துக்கொண்டு வளர்ந்தது. டிஸ்க் விலகி மூன்று கிழமை யாருக்கும் சொல்லாமல் வேலைக்குப் போனாயாம், மருமகள் அழுதாள். அது எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும்.

ஆகவே நான் சொல்வதைச் செய். பிள்ளைகள் போகக்கூடாது. உதவி செய்ய விரும்புகிற சம்பந்தியம்மா உங்கள் வீட்டுக்கு வரட்டும், உன் அறையைக் கொடு, நீ ஹோலில் மெத்தையைப் போட்டுப் படு. சமையல், உடுப்பு எல்லாவற்றையும் மற்றவர்கள் செய்யட்டும், வாயைத் திறந்து கேள். உன்னால் பிள்ளைகளைத் தூக்கத்தான் முடியாது, அவர்கள் வந்து உன்மேல் ஏறுவதை எந்த டிஸ்க்கும் தடுக்காது. இவனுக்கென்ன ஆம்பிளை வீட்டில் கிடக்கிறான் என்று எவராவது சொன்னால் அவருடைய நம்பரை எனக்கு அனுப்பு.

நேற்று இன்னொன்றும் சொன்னாய், பெருமையாகச் சொன்னாய். மகளுக்கு விஷயத்தைச் சொன்னபோது அவள் அழவேயில்லை, தானே போய்த் தன் பையை அடுக்கிவிட்டாள் என்று. அவளுக்கு இப்போது நாலு வயது. எழும்பு, எழும்ப ஏலாவிட்டால் கிடந்தபடியே அவளைக் கூப்பிடு, சட்டையை உயர்த்தி உன்னுடைய பெல்ட்டைக் காட்டு. அவள் என்ன கேட்கிறாள் என்று கேட்டுவிட்டுப் பிறகு எனக்குப் போன் எடு.

அம்மா